நீர் சேர்ந்ததா, சேராததா: வீட்டில் சருமப் பூச்சு செய்யத் தொடங்கும் வன்னி வாசகருக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பெருநிலப்பரப்பு ஆகிய இடங்களில் வசிப்பவருக்குச் சருமப் பராமரிப்புக்கு வேண்டிய பொருள்களில் பாதி வீட்டு வளவுக்குள்ளேயே கிடைத்துவிடுகின்றன. வேலியோரத்தில் கற்றாழை, கிணற்றடியில் செவ்வரத்தை, பின்வளவில் வேம்பும் தேசியும், சிறுபோகத்தில் விளைந்த பயறு, காட்டோரக் கிராமங்களில் தேனும் தேன்மெழுகும் என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், கைத்தொலைபேசியில் பார்த்த ஒரு செய்முறையை அன்று மாலையே செய்துபார்க்கும் ஆசை எழுவது இயல்பு. செய்து பார்ப்பதில் தவறில்லை. ஆனால் தொடங்குவோர் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி பயன்படாத கேள்வி: “இது இயற்கையானதுதானே, அக்கா, ஒன்றும் செய்யாதுதானே?”

எருக்கலம்பாலும் இயற்கையானதுதான், அது கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். சேங்கொட்டையும் இயற்கையானதுதான், அதன் எண்ணெய் பட்ட தோல் கொப்புளித்துப் புண்ணாகும். ஆகவே கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. செய்யப்போகும் பொருளில் நீர் இருக்கிறதா? இருந்தால், இந்த வெக்கையில் அது எத்தனை நாள் இருக்கப்போகிறது? யாருடைய தோலில், எந்த இடத்தில் படப்போகிறது? இந்த மூன்றில் முதலாவதே மிக முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து; வீட்டுத் தயாரிப்புகளில் நேரும் கேடுகளில் பெரும்பகுதி அதைக் கவனியாமல் விடுவதால் வருபவை.

முதற்படி: எந்த வகையைச் செய்வது என்று தீர்மானித்தல்

வீட்டில் செய்யக்கூடிய பூச்சுகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். உலர்ந்த மா வகைகள் ஒன்று: பயற்றமா, கஸ்தூரி மஞ்சள் தூள், சந்தனத் தூள், உலர்த்தி இடித்த ஆவரசம்பூ போன்றவை. எண்ணெயும் மெழுகும் மட்டும் சேர்ந்தவை இரண்டாவது வகை. நீர் சேர்ந்தவை மூன்றாவது வகை. கற்றாழைச் சாறு, அரிசி கழுவிய நீர், தயிர், பால், தேன் கரைத்த நீர், பழச்சாறு, எண்ணெயையும் நீரையும் அடித்துக் கலக்கும் கிரீம் ஆகிய யாவும் இதில் அடங்கும். புதிதாகத் தொடங்குபவர் மாவில் தொடங்கி, பின்னர் எண்ணெய்க்குச் செல்வது நல்லது. நீர் சேர்ந்தவற்றை அன்றன்று செய்து அன்றன்றே முடித்துவிட வேண்டும். மிஞ்சியதைப் போத்தலில் அடைத்து வைக்கக் கூடாது.

இதற்கான காரணம் எளிது. பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகுவதற்கு நீர் வேண்டும், உணவு வேண்டும், இதமான வெப்பம் வேண்டும். கற்றாழைச் சாற்றில் முதல் இரண்டும் இருக்கின்றன; மூன்றாவதை நம் ஊர் தாராளமாகத் தருகிறது. சோளகம் வீசும் மாதங்களில், தகரக் கூரையின் கீழ் உள்ள ஓர் அறையின் பிற்பகல் வெப்பம் மனித உடலின் வெப்பத்தை ஒட்டியே நிற்கும். ஏற்ற சூழலில் சில பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்தக் கணக்கில் ஒன்று ஆறு மணித்தியாலத்தில் இரண்டரை இலட்சத்தைத் தாண்டும். காலையில் விரலால் தொட்டெடுத்த சாற்றை மாலையில் மீண்டும் முகத்தில் பூசும்போது என்ன பூசுகிறோம் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். கெட்டுப்போனது எப்போதும் கண்ணுக்குத் தெரிவதுமில்லை. நிறம் மாறி, நுரை கட்டி, மூடியைத் திறக்கும்போது காற்றுச் சீறினால் எவரும் வீசிவிடுவர்; அந்த நிலைக்கு வருவதற்கு நெடுநேரம் முன்பே, தெளிவாகவும் மணமின்றியும் இருக்கும்போதே, அது கண்ணுக்கும் கீறல்பட்ட தோலுக்கும் ஆகாததாகி இருக்கும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிட வேண்டும். “விற்றமின் ஈ குளிசையை உடைத்து விட்டால் பழுதாகாது”, “இரண்டு துளி வேப்பெண்ணெய் விட்டால் கிருமி வராது” என்று பலர் சொல்வர். விற்றமின் ஈ, எண்ணெய் காறிப்போவதைத் தாமதப்படுத்தும், கிருமியைத் தடுக்காது. வேப்பெண்ணெயும் கராம்பெண்ணெயும் சில கிருமிகளைக் கட்டுப்படுத்தக்கூடியவைதாம். ஆனால் ஒரு போத்தல் நீர்ச்சாற்றைக் காக்கும் அளவுக்குச் சேர்த்தால் தோல் எரியும், தோல் தாங்கும் அளவுக்குச் சேர்த்தால் சாறு காக்கப்படாது. தொழிற்சாலைகள் இதற்கென்றே பதப்பொருள்களைப் பயன்படுத்துகின்றன. அவற்றுள் பினொக்சியெத்தனோலை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க ஐரோப்பிய விதிகள் இடமளிப்பதில்லை. சோடியம் பென்சோயேற்று, பொருளின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; அது குறையக் குறைய அமிலம் கூடும்) 5க்குக் கீழே இருந்தாலன்றி ஒழுங்காக வேலை செய்யாது. கிராமில் பத்தில் ஒன்றைக் காட்டும் தராசும் பிஎச் அளக்கும் தாளும் இல்லாத வீட்டில் இவற்றைக் கையாள முயல்வதைவிட, நீரைத் தவிர்ப்பதே எளிய வழி.

இரண்டாம் படி: மூலப்பொருளை அறிந்து எடுத்தல்

வளவில் உள்ள செடிகளில் சிலவற்றைச் சருமத்தின் பக்கம் கொண்டுவரவே கூடாது. எருக்கலை, சதுரக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவற்றின் பால், சேங்கொட்டை என்பவை அவற்றுள் முதன்மையானவை. முள் எடுக்கவும் பாலுண்ணி உதிரவும் எருக்கலம்பால் வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது; வைத்த கையால் கண்ணைக் கசக்குவதுதான் ஆபத்து. அந்தப் பால் கண்ணில் பட்டபோது வலி குறைவாக இருக்கலாம், அதனால் பலர் அலட்சியமாக இருந்துவிடுவர். பார்வை மங்கிய பிறகே வைத்தியசாலைக்கு ஓடுவர். பச்சை உள்ளியை அரைத்துக் கட்டுவதும் இதே வரிசையில் வருவதுதான். சில மணிநேரத்தில் அது தீக்காயம் போன்ற புண்ணை உண்டாக்கும்.

தேசிக்காயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முகத்தை வெளுப்பாக்கும் என்று அதிகம் பரிந்துரைக்கப்படுவது அதுவே. தேசிச் சாற்றின் பிஎச் 2 முதல் 2.5 வரை, ஆரோக்கியமான தோலின் மேற்பரப்போ 5ஐ ஒட்டியது. இந்த அமிலத்தால் வரும் எரிச்சல் ஒருபுறமிருக்க, தேசியின் தோலிலும் சாற்றிலும் உள்ள பியூரனோகூமரின் என்னும் பொருள்கள் வெயிலின் புறஊதாக் கதிரோடு சேரும்போது தோலைச் சுட்டுவிடுகின்றன. உடனே ஒன்றும் தெரியாது. தேசி பிழிந்த கையோடு வயலுக்குப் போனவரின் மணிக்கட்டில், சாறு வழிந்த வழியே, ஓரிரு நாளின் பின் சிவந்த கோடு எழும். சிலருக்குக் கொப்புளம் வரும். அது ஆறிய இடத்தில் கருங்கோடு பல வாரங்கள், சிலவேளை மாதங்கள் நிற்கும். வெளுக்க வேண்டும் என்று பூசியது கறுப்பை விட்டுச்செல்லும். நண்பகல் வெயிலில் வேலை செய்யும் ஊரில் தேசியை முகத்துக்கு எடுக்காதிருப்பதே சரி. தோடை வகைகளின் தோலில் இருந்து எடுக்கும் எண்ணெய்கள் பலவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மஞ்சளில் பிரச்சினை செடியில் இல்லை, தூளில் இருக்கிறது. 2019 இறுதியில் இலங்கையில் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டதைத் தொடர்ந்து விலை ஏறியபோது, அரிசிமாவும் சாயமும் கலந்த தூள் சந்தைக்கு வந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். தெற்காசியாவில் மஞ்சளின் நிறத்தைக் கூட்ட ஈயக் குரோமேற்றுச் சேர்க்கப்பட்டமையும் கண்டறியப்பட்ட உண்மை. ஈயம் தோலின் வழியாக அதிகம் உட்செல்வதில்லை. ஆனால் பூசிய கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு அது வயிற்றுக்குள் போகும். ஆகவே தூளாக வாங்காமல் கிழங்காக வாங்கி, கழுவி, உலர்த்தி, வீட்டிலேயே இடித்துக்கொள்ள வேண்டும்.

வாசனைக்காக விடும் கறுவா எண்ணெய், கராம்பெண்ணெய் போன்ற காய்ச்சி வடித்த எண்ணெய்களை நேரடியாகத் தோலில் விடக் கூடாது. முகத்துக்கான எண்ணெயில் அவை 1 சதவீதத்தைத் தாண்டாதிருக்க வேண்டும். அதாவது 30 மில்லிலீற்றர் எண்ணெய்க்கு ஏறத்தாழ ஆறு துளி. கறுவாப்பட்டை எண்ணெய் அந்த அளவிலும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது என்பதால் அதனை முற்றாக விலக்குவதே என் பரிந்துரை. வாசனை இல்லாத எண்ணெயால் எவருக்கும் குறையொன்றும் வந்துவிடாது.

மருதோன்றி இலையை அரைத்து இடுவது பொதுவாகப் பாதுகாப்பானது. அது செம்மஞ்சளில் தொடங்கிக் கபிலத்துக்கு மாறும், பிடிக்க மணிக்கணக்காகும். சிறிது நேரத்தில் கரிய நிறம் தரும் கூம்புகளில் தலைமயிர்ச் சாயத்தில் உள்ள பராபினைலீன் டையமீன் கலந்திருக்கலாம். கல்யாண வீட்டில் அதனை இட்டுக்கொண்ட கையில் கோலத்தின் வடிவிலேயே கொப்புளம் எழுவதுண்டு. ஒருமுறை அவ்வாறு ஒவ்வாமை ஏற்பட்டவருக்கு, பின்னாளில் தலைமயிர்ச் சாயமும் ஒத்துக்கொள்ளாது போகலாம்.

இன்னொன்று, வீட்டுத் தயாரிப்பு என்ற பெயரில் நடப்பது. பெயர்ச்சீட்டில்லாத வெளுக்கும் கிரீமையோ, மருந்தகத்தில் வாங்கிய ஸ்ரீரோயிட் களிம்பையோ கற்றாழைச் சாற்றோடு கலந்து “மூலிகைக் கிரீம்” என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வெளுக்கும் கிரீம்களில் பாதரசம் சேர்க்கப்படுவது உலகறிந்த விடயம். அது தோலினூடாக உட்சென்று சிறுநீரகத்தைப் பழுதாக்கும். ஸ்ரீரோயிட் தோலை மெலியச் செய்து, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகச் சிவக்க வைக்கும். சில நாளிலேயே முகம் பளிச்சென்று வெளுத்தால், அதைச் செய்தது மூலிகை அல்ல என்று கொள்ளலாம்.

மூன்றாம் படி: இடமும் பாத்திரமும்

சமையல் நடக்கும் நேரத்தில் இதனைச் செய்யாமல், மேசையைத் துடைத்து, நகம் வெட்டி, சவர்க்காரத்தால் கை கழுவித் தொடங்க வேண்டும். கண்ணாடிப் போத்தல்களைப் பத்து நிமிடம் கொதிநீரில் இட்டு எடுத்தபின் கவிழ்த்து, உட்புறம் துளி ஈரமில்லாமல் உலரவிட வேண்டும். பலர் கொதிக்க வைப்பதில் காட்டும் கவனத்தை உலர்த்துவதில் காட்டுவதில்லை. அடியில் தங்கும் அரைத் தேக்கரண்டி நீரே எண்ணெயைக் கெடுக்கப் போதுமானது. துணியால் உட்புறத்தைத் துடைப்பதும் துணியிலுள்ள கிருமியை உள்ளே விடுவதாகும். கிணற்று நீரை, அது எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கொதித்து ஆறிய பின்னரே பயன்படுத்த வேண்டும். கொதிக்க வைப்பதால் வன்னிக் கிணறுகள் பலவற்றில் உள்ள உவர்ப்பு நீங்காது. கழுவிய பின்பும் தோல் வறண்டு இழுத்தால், பூச்சைக் குறைசொல்வதற்கு முன் நீரையும் எண்ணிப்பார்ப்பது நல்லது.

நான்காம் படி: ஒரு மா, ஓர் எண்ணெய், ஒரு களிம்பு

பயற்றமா தொடக்கத்துக்கு ஏற்றது. பயற்றைக் கல் நீக்கி, கழுவி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் சுளகில் உலர்த்தி, ஆலையில் அரைப்பித்து, மெல்லிய துணியில் அரித்தெடுக்க வேண்டும். அரிபடாத குறுணி முகத்தைக் கீறும்; அதனைக் கைகாலுக்கு வைத்துக்கொள்ளலாம். தேவையான ஒரு கரண்டியை ஈரமில்லாத கரண்டியால் எடுத்து, அந்நேரமே உள்ளங்கையில் நீர்விட்டுக் குழைத்துப் பூசிக் கழுவிவிடுவதுதான் இதன் முறை. மாரி மாதங்களில் மா ஈரத்தை இழுக்கும். கட்டிபட்டாலோ பூசண மணம் வந்தாலோ மீண்டும் வெயிலில் காயவைத்துக் காப்பாற்ற முயலாமல் எறிந்துவிட வேண்டும். அதனால் ஐப்பசி பிறக்குமுன் சிறிது சிறிதாகவே அரைப்பித்துக்கொள்வது உகந்தது.

எண்ணெய் காய்ச்சுவதில் நம் பாட்டிமாரும் சித்த வைத்தியர்களும் கைக்கொண்ட முறை, இக்கட்டுரை முதலிலிருந்து வற்புறுத்தும் அதே விடயத்தை மிகத் துல்லியமாகக் கையாள்கிறது. செவ்வரத்தம் பூவையோ வேப்பிலையையோ பச்சையாக எண்ணெயில் ஊறவிட்டு வெயிலில் வைக்கும் முறையைப் புதிய காணொளிகள் காட்டுகின்றன. பூவில் உள்ள நீர் எண்ணெய்க்கு அடியில் தங்கி, சில நாளில் அங்கேயே பூசணம் பிடிக்கும். பழைய முறையில் எண்ணெய் மெல்லிய தீயில் வைக்கப்படும். 250 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெய்க்கு, கழுவி நிழலில் ஈரம் உலர்ந்த ஒரு கைப்பிடி இதழ் போதும். இதழ் விழுந்ததும் எண்ணெய் சடசடவென்று இரைந்து, வெண்ணுரை எழும். இதழிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும் ஓசை அது. தீயைக் கூட்டாமல் கிளறிக்கொண்டிருந்தால் இரைச்சல் படிப்படியாகத் தணியும், நுரை அடங்கும், இதழ் சுருண்டு மொறுமொறுப்பாகும். அப்போது ஒரு பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்து, அடுப்பிலிருந்து விலகி நின்று கொளுத்திப் பார்ப்பார்கள். திரி வெடித்து வெடித்து எரிந்தால் இன்னும் நீர் இருக்கிறது. ஓசையின்றி நின்று எரிந்தால் பதம் வந்துவிட்டது. வைத்தியர் வீட்டு எண்ணெய் மாதக்கணக்கில் கெடாமல் இருந்ததன் காரணம் இதுவே. இறக்கி, ஆறிய பின், உலர்ந்த துணியில் வடித்து, நிறப்போத்தலில் ஊற்றி இருட்டான இடத்தில் வைக்க வேண்டும். சட்டியில் தீப்பிடித்துவிட்டால் நீரை ஊற்றாமல், தட்டால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும்.

வெடித்த குதிக்காலுக்கும் உலர்ந்த உதட்டுக்கும் களிம்பு செய்வதாயின் எண்ணெய் 80 கிராமுக்குத் தேன்மெழுகு 20 கிராம் என்ற அளவில் தொடங்கலாம். குளிர்நாட்டுச் செய்முறைகள் மெழுகை இதனிலும் குறைவாகச் சொல்லும். அங்கே தேங்காயெண்ணெய் தானாகவே உறைந்து கைகொடுக்கிறது. நம் ஊரிலோ, 24 பாகை செல்சியசில் உருகிவிடும் அந்த எண்ணெய் ஆண்டின் பெரும்பகுதி திரவமாகவே இருக்கும். கோடையில் மெழுகை 25 கிராமாகக் கூட்டினால் களிம்பு டப்பாவில் நிற்கும். மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகுவதால், கொதிநீரில் வைத்த கிண்ணத்தில் உருக்கினாலே போதும். நேரடித் தீ வேண்டாம். கரண்டியில் ஒரு துளி எடுத்து ஆறவிட்டு, விரலால் தொட்டுப் பதம் பார்த்த பின் டப்பாவில் ஊற்றலாம். இதிலும் துளி நீர் படக் கூடாது. குளித்த கையோடு டப்பாவுக்குள் விரலை விடவும் கூடாது.

சவர்க்காரம் செய்வதைத் தொடக்கப் பாடமாக எடுக்க வேண்டாம். அதற்குத் தோலை அரிக்கும் கடுங்காரமான கோஸ்ரிக் சோடா வேண்டும். எண்ணெயின் நிறைக்கேற்ப அதனைக் கணக்கிட்டு நிறுக்க வேண்டும். சோடாவை நீரில் இட வேண்டுமே தவிர நீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தைத் தொடவே கூடாது. கண்ணாடியும் கையுறையும் அணிந்த ஒருவரின் அருகில் நின்று கற்றுக்கொண்ட பிறகு செய்ய வேண்டிய வேலை அது. சிறுவர் நடமாடும் வீட்டில் அந்தச் சோடாவை மென்பானப் போத்தலில் ஊற்றி வைப்பதைப் போன்ற ஆபத்தான பழக்கம் வேறில்லை.

ஐந்தாம் படி: கற்றாழையை எடுக்கும் முறை

நீர் சேர்ந்தவற்றில் பலரும் விடமுடியாதது கற்றாழை என்பதால் அதன் முறையைத் தனியே சொல்கிறேன். அடி மடலை வெட்டியதும் வெட்டுவாயில் மஞ்சள் நிறப் பால் கசியும். அந்தப் பாலே பலருக்குச் சொறியையும் தடிப்பையும் உண்டாக்குவது. மடலை வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு குவளையில் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்திவைத்தால் மஞ்சள் பால் அடியில் வடியும். பின்னர் கழுவி, இரு ஓர முட்களையும் சீவி, பச்சைத் தோலைத் தடிப்பாகவே உரித்து, உள்ளிருக்கும் கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் எடுத்து, மஞ்சள் தடம் முற்றாகப் போகும்வரை மீண்டும் கழுவ வேண்டும். ஒருவேளைக்குத் தேவையான துண்டைப் பூசிவிட்டு மிச்சத்தைத் தலைக்கு வைத்துவிடலாம். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் மட்டும், அன்றன்றே முடிக்கும் விதிக்கு விலக்காக, மூடிய பாத்திரத்தில் மறுநாள் வரை வைக்கலாம். மின்தடை நீண்ட நாளில் அதுவும் வேண்டாம்.

ஆறாம் படி: தோலில் சோதித்தல்

காதின் பின்னே ஒரு துளி தடவி, அரைமணி பார்த்துவிட்டு முகத்தில் பூசுவதைச் சோதனை என்று கொள்ள முடியாது. உடனே வரும் எரிச்சலை மட்டுமே அது காட்டும். ஒவ்வாமையால் வரும் தோலழற்சி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளின் பின்னரே தலைகாட்டும். புதிய பொருளாயின் இன்னும் பிந்தலாம். எனவே முழங்கையின் உட்புறத்தில், இரண்டு ரூபாய் நாணய அளவான இடத்தில், காலையும் மாலையும் ஏழு நாள் தொடர்ந்து பூசிப் பார்க்க வேண்டும். கழுவிவிடும் மா வகையாயின், முகத்தில் எவ்வளவு நேரம் விடுவீர்களோ அவ்வளவு நேரம் அங்கும் விட்டுக் கழுவ வேண்டும். சிவத்தல், சொறிதல், தடித்தல் எதுவும் இல்லாவிடில் முகத்துக்கு எடுக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு புதிய பொருள்களைச் சோதித்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அறிய வழியில்லை.

ஏழாம் படி: எவருக்கு, எதற்குப் பூசக் கூடாது

கைக்குழந்தையின் எண்ணெயில் கற்பூரம் சேர்க்கக் கூடாது. அது தோலினூடாகவும் மூச்சினூடாகவும் உட்சென்று வலிப்பை உண்டாக்கக்கூடியது. சளிக்கென்று கற்பூரம் கரைத்த எண்ணெயை நெஞ்சில் தேய்க்கும் அம்மம்மாவோடு வாதிடுவது எளிதல்ல என்பது தெரியும். ஆயினும் இந்த ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். விழுங்கிய குழந்தைகள் கடுமையாக நோயுற்றிருக்கின்றனர். தேனைக் குழந்தையின் உதட்டிலோ வாயருகிலோ தடவுவது ஒரு வயதுவரை கூடாது.

முகப்பரு உள்ளவருக்குத் தேங்காயெண்ணெய் அதனை அதிகரிக்கச் செய்யலாம். தேமலை உண்டாக்கும் பூஞ்சை தோலிலுள்ள கொழுப்பமிலங்களை உண்டு வாழ்வதால் அதன்மேல் எண்ணெய் பூசுவதும் பயன்தராது. தேமல் என்று நினைக்கும் வெளிறிய படையில் ஒரு விடயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டால் அவ்விடத்தில் உணர்வு இருக்கிறதா? இல்லையென்றால் அது தொழுநோயாக இருக்கலாம். இலங்கையில் இன்னும் ஆண்டுதோறும் புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். சிகிச்சை இலவசம், முழுமையாகக் குணமாகும். மாதக்கணக்கில் எண்ணெய் பூசிக் காலம் கடத்தினால் கைகால் பழுதாகக்கூடும்.

அதேபோல, முகத்திலோ கையிலோ வலியில்லாத சிறு கட்டி தோன்றி, மெல்லப் பெருத்து, நடுவில் புண்ணாகி, வாரக்கணக்கில் ஆறாமல் நின்றால் அது மணல் ஈ கடிப்பதால் பரவும் லீஷ்மேனியாசிசாக இருக்கலாம். வடக்கின் காட்டோரப் பகுதிகளுக்கு இந்நோய் புதிதன்று. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வைத்து இதனை ஆற்ற முடியாது. அருகிலுள்ள வைத்தியசாலையின் தோல்நோய்ப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவரின் பாதவெடிப்பு, திறந்த காயம், தீக்காயம் ஆகியவற்றுக்கும் வீட்டுப் பூச்சு எதுவும் வேண்டாம். வெயிலைத் தடுக்கும் கிரீமையும் வீட்டில் செய்ய முடியாது. தேங்காயெண்ணெய் வெயிலைத் தடுக்கும் என்பது பொய். நீண்ட கைச்சட்டையும் அகன்ற தொப்பியும் அந்த வேலையைச் செய்யும்.

எட்டாம் படி: ஒத்துக்கொள்ளாவிட்டால்

உடனே நிறுத்தி, ஓடும் நீரில் நன்கு கழுவி, அதன்மேல் வேறெதையும் பூசாமல் விட வேண்டும். எரிச்சலைத் தணிக்க இன்னொரு மூலிகையைத் தேடுவதுதான் பலரும் செய்வது. அதனால் சேதம் இரட்டிப்பாகும். கண்ணில் எதுவும் பட்டாலும், கோஸ்ரிக் சோடா தோலில் பட்டாலும், குறைந்தது 20 நிமிடம் நீர் ஊற்றிக் கழுவியபின் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சோடா பட்ட இடத்தில் விநாகிரியோ தேசியோ விடக் கூடாது. முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவுவண்டி இலவசமாக வரும். பூசிய பொருளையும் அதன் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும்.

ஒன்பதாம் படி: பிறருக்குக் கொடுக்கத் தொடங்கும்போது

அயலவருக்கு ஒரு போத்தல் கொடுப்பதில் தொடங்கி, மாதர் சங்கச் சந்தையில் விற்பது வரை செல்வது இங்கு வழக்கமான பாதை. நீர் சேர்ந்த எதையும் விற்கக் கூடாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ச்சீட்டில் சேர்மானங்கள் அனைத்தும், செய்த திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம் (ஒரே தடவையில் செய்தவற்றுக்கு இடும் எண்), விலை, செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். சொறி மாறும், படை போகும் என்று எழுதினால் அது அழகுசாதனம் என்ற எல்லையைத் தாண்டி மருந்தாகிவிடும். மருந்துகளுக்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமும், சித்த ஆயுர்வேத மருந்துகளுக்கு 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமும் இருக்கின்றன. பெயர்ச்சீட்டுத் தொடர்பாக வாங்கியவர் முறையிட விரும்பினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம் என்பதை விற்பவரும் அறிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை செய்யும்போதும் எந்தக் கடையில் வாங்கிய எண்ணெய், எத்தனை கிராம் மெழுகு, எந்தத் திகதி, யார் யாருக்குக் கொடுத்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதி, அந்தத் தொகுதியில் ஒரு சிறு போத்தலைத் திறக்காமல் வீட்டில் வைத்திருங்கள். ஒருவர் அழைத்து முகம் தடித்துவிட்டது என்று சொன்னால், அந்தப் போத்தலை எடுத்து மணந்து பார்க்கவும், அதே தொகுதியை வாங்கிய மற்றவர்களை அன்றே அழைத்து நிறுத்தச் சொல்லவும் அப்போதுதான் முடியும்.